பொறி விழுந்த இடம்

சுங்காய்,
18 ஜூன் 2023

அன்புள்ள தர்சிகா,

நலம்தானே? அங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று உன் அம்மா ஈப்போவிலிருந்து பேசியபோது சொன்னார். குடையில்லாமல் வெளியே கிளம்பும் பழக்கத்தை ஜப்பான்காரர்களாவது உன்னிடம் மாற்றியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. வாட்சாப்பில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வருகிறது. நான் அழுதால் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் உட்கார்ந்துவிட்டால் நான் கேட்க நினைத்ததைக் கேட்க முடிவதில்லை. படிவம் ஆறில் படித்தபோது பள்ளி விடுமுறைகளில் எழுதிக்கொள்வோமே, அதுபோல இதையும் எழுதுகிறேன்.

நான் இப்போது லகாட்டில் எங்கள் வீட்டில் இல்லை. தம்பி தேவனின் காரியம் முடிந்ததும் அம்மாவோடு சுங்காய்க்கு வந்தவள், இன்னும் திரும்பவில்லை. தடிகாவில் பாலர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை வேலையையும் விட்டுவிட்டேன். பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது என்னால் சேர்ந்து பாட முடியவில்லை. இங்கே பக்கத்து வீட்டு அக்காவின் தையல் கடையில் பொத்தான் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை எழுதினால்தான் என்னால் அடுத்ததைக் கேட்க முடியும். எஃகு அச்சு வெட்டும் அந்தப் பட்டறையில் என் கணவரும் என் தம்பியும் ஒரே ஸ்பார்க் மெஷினை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் ராஜு, மூன்று மணிக்கு மேல் தேவன். பிப்ரவரியில் அன்றைக்கும் ராஜு மெஷினை அவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நல்ல மழை. நான் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவர் கையைக்கூடக் கழுவவில்லை, அப்படியே ஓடினார். எண்ணெய்த் தொட்டியில் தீப்பிடித்திருக்கிறது. தானாகத் தீயை அணைக்க வேண்டிய குப்பி வேலை செய்யவில்லை. மெயின் சுவிட்சை அடைக்கக் கிட்டே போன தேவன் மேல் தீ பாய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு மருத்துவமனையில் இருந்த நாள்களைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

இப்போது விசாரணை அறிக்கை வந்திருக்கிறது. குப்பி விஷயத்தில் முதலாளி பொறுப்பேற்றுக்கொண்டார். ஆனால் அதிலே இன்னொரு வரியும் இருக்கிறது. இயந்திரத்தின் இடைவேளை அளவு முந்தைய ஷிப்டில் மாற்றப்பட்டிருந்தது என்று. முந்தைய ஷிப்டு என்றால் ராஜு. எதிர் வீட்டுப் பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட நிமிஷத்திலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சு இல்லை. "ஒம் புருசன் கைய வச்சான், எம் புள்ள வெந்தான். அதுக்கு மேல என்னாடி தெரியணும்?"

எனக்குத் தெரிய வேண்டும். உன் ஆராய்ச்சிக்காக அந்த மெஷினில் நீ ஒரு பெட்டி மாட்டி வைத்திருந்தாயே, அது அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்ததாகப் பட்டறையில் சொன்னார்கள். அப்படியென்றால் அன்றைய பதிவு உன்னிடம் இருக்கும். பார்த்துச் சொல். ராஜு மாற்றியதால்தானா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. ஏதாவது ஒன்று தெரிந்தால்தான் நான் எந்த வீட்டில் இருப்பது என்று முடிவு செய்ய முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
தினா


நகோயா,
4 ஜூலை 2023

என் அன்புத் தினா,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் பிரித்தேன். பிறகு வேலை ஓடவில்லை. வெளியே வந்து ஆற்றோரம் நடந்தேன். குடையில்லாமல்தான்.

நீ லகாட்டை விட்டு வந்தது எனக்குத் தெரியாது. உன் குரல் மாறியிருப்பது தெரிந்தது. துக்கம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து அதை நான் திறக்கவில்லை. விசாரணைக்காரர்கள் கேட்டபோது பிரதி எடுத்து அனுப்பினேன், பார்க்கவில்லை. பெட்டியை மாட்டுவதற்காக நான் பட்டறைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? தேவன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டான். "என்னாக்கா, டாக்டர் மாதிரி காது வச்சுக் கேக்குமா இது?" என்றான். ஆமாம், கேட்க மட்டும்தான் தெரியும், மருந்து கொடுக்கத் தெரியாது என்றேன். ராஜு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான் என்ன பார்க்கப்போகிறேன் என்பதை உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினில் செம்பாலான ஒரு முனை எஃகுக்கு மேலே நிற்கும். எஃகைத் தொடாது. நடுவில் தலைமுடியை விட மெல்லிய இடைவெளி, அதில் எண்ணெய். அந்த இடைவெளியில் நொடிக்கு ஆயிரக்கணக்கான மின்பொறிகள் விழும். ஒவ்வொரு பொறியும் எஃகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியைத் தோண்டும். தோண்டிய தூள் எண்ணெயில் மிதக்கும். இரண்டு பொறிகளுக்கு நடுவே விடும் இடைவேளையில் எண்ணெய் அந்தத் தூளைக் கழுவிக்கொண்டு போகும். அறிக்கை சொல்லும் இடைவேளை அளவு அதுதான். அதைக் குறைத்தால் வேலை சீக்கிரம் முடியும், தூள் கொஞ்சம் தங்கும். எல்லாப் பட்டறையிலும் குறைப்பார்கள். நானும் குறைப்பேன்.

தூள் ஒரே இடத்தில் சேர்ந்தால் பொறிகளும் அங்கேயே விழும். அங்கே கரி கட்டும். கரி வளர்ந்தால் மெஷின் தன் தலையை மேலே தூக்கும். கரி இன்னும் வளரும், தலை இன்னும் தூக்கும். அப்படியே போனால் பொறி எண்ணெய்க்கு மேலே வந்துவிடும், எண்ணெய் ஆவி தீப்பிடிக்கும். அன்றைக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும்.

பார்க்கிறேன் தினா. எனக்குக் கொஞ்ச நாள் கொடு. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், கேட்டுக்கொள்ளும் மனநிலையில் இருந்தால்.

அன்புடன்,
தர்சிகா


சுங்காய்,
13 ஆகஸ்ட் 2023

அன்புள்ள தர்சிகா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். புரிந்தது. தடிகா டீச்சருக்குப் புரிகிற மாதிரி எழுதியதற்கு நன்றி.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ராஜு லகாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். அம்மா கதவைத் திறப்பதில்லை. அவர் கேட்டுக்கு வெளியே நிற்பார். பாசாரில் வாங்கிய மீனோ காயோ ஒரு பையில் போட்டுக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். அம்மா அந்தப் பையை எடுத்துப் பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவிடம் கொடுத்துவிடுவாள். போன வாரம் நான் வெளியே போனேன். கேட்டேன்.

"நீங்க மாத்துனீங்களா?"

"மாத்துனேன். கொஞ்சம் கொறைச்சேன். எப்பயும் கொறைக்கிறதுதான்."

"அதனாலதான் தீப்புடிச்சுச்சா?"

அவர் கையிலிருந்த பையைக் கேட்டில் மாட்டினார். பிறகு "தெரியல தினா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். இல்லை என்று சத்தியம் செய்திருந்தால் நான் அந்த மோட்டாரிலேயே ஏறிப் போயிருப்பேன். ஆமாம் என்று அழுதிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். தெரியல என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்ய முடியும்? அவர் சமைத்துச் சாப்பிடுகிறாரா என்று கூடக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

அன்றைக்கு ஷிப்டு மாறும் நேரத்தில் அவருக்கு அவசரம் இருந்ததோ என்று யோசிக்கிறேன். காலையில் நான்தான் மீன் குழம்பு வைக்கிறேன், சீக்கிரம் வாங்க என்று சொன்னேன். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

சீக்கிரம் எழுது.

தினா


நகோயா,
10 செப்டம்பர் 2023

என் அன்புத் தினா,

பதிவைத் திறந்து பார்த்துவிட்டேன். ஒரு தடவை அல்ல, ஒரு மாதம் முழுக்க அதையேதான் பார்த்தேன். எங்கள் பேராசிரியரும் உடன் உட்கார்ந்து பார்த்தார். நான் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. ஆனால் கடைசி வரைக்கும் படி.

முதலில், மீன் குழம்பு. ராஜு இடைவேளையைக் குறைத்தது காலையில், வேலை தொடங்கியபோதே. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் எதையும் தொடவில்லை. அது பதிவில் தெளிவாக இருக்கிறது. நீ கூப்பிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை உறுதியாகச் சொல்ல முடியும், அதனால் சொல்கிறேன்.

ராஜு குறைத்த பிறகும் மூன்று மணி வரை மெஷின் ஒழுங்காக ஓடியது. தேவன் வந்தான். எண்ணெய் பீய்ச்சும் குழாயைக் கொஞ்சம் திருப்பி வைத்தான். அதுவும் தினமும் செய்வதுதான். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பொறிகள் ஓரிடத்தில் சேரத் தொடங்கின.

ஏன் என்றுதானே கேட்கிறாய்?

எங்கள் துறையில் இந்த நிலையைக் கேயாஸ் என்போம். கண்டபடி நடப்பது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு பொறியும் விதிப்படிதான் விழுகிறது. முந்தைய பொறிகள் விட்டுப்போன தூள்தான் அடுத்த பொறி விழும் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் ஒரே ஒரு துகள் சற்றுத் தள்ளி மிதந்திருந்தால் அடுத்த பொறி வேறிடத்தில் விழும். அதனால் அதற்கடுத்தது இன்னும் தள்ளி விழும். அந்தச் சின்ன வித்தியாசம் கண் இமைப்பதற்குள் பெருகி, மொத்தமும் வேறாகிவிடும். அதனால்தான் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. திரும்பிப் பார்த்தும் சொல்ல முடிவதில்லை. கரி கட்டிய அந்த நிமிஷத்திலிருந்து பின்னால் போய், ராஜுவின் கையால் வந்ததா, தேவனின் கையால் வந்ததா, இரண்டும் இல்லாமல் ஒரு தூசியால் வந்ததா என்று பிரிக்க முடியாது. என் கருவி போதவில்லை என்பதால் அல்ல. எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் முடியாது.

தீ பரவியதற்குப் பதில் இருக்கிறது. அந்தக் குப்பி வேலை செய்திருக்க வேண்டும். தீ தொடங்கியதற்குப் பதில் இல்லை. ராஜு உன்னிடம் சொன்னதுதான் என் பதிலும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதலாம். ஆனால் நான் இதை மாற்றி எழுத முடியாது.

அன்புடன்,
தர்சிகா


சுங்காய்,
8 அக்டோபர் 2023

தர்சிகா,

கிடைத்தது. படித்தேன்.

இத்தனை வருஷம் படித்து, பேராசிரியரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கடைசியில் நீயும் தெரியாது என்கிறாய். அதைச் சொல்ல ராஜுவே போதுமே. அவர் ஒரு வார்த்தையில் சொன்னார், நீ இரண்டு பக்கத்தில் சொல்கிறாய்.

நான் உன்னிடம் கேட்டது ஒரு வரி. தோழிக்காக எழுதக்கூடிய ஒரு வரி. ராஜு காரணமில்லை என்று எழுதியிருந்தால் அம்மாவிடம் படித்துக் காட்டியிருப்பேன். அவள் நம்பியிருப்பாளோ என்னவோ, நான் நம்பியிருப்பேன். அவர்தான் காரணம் என்று எழுதியிருந்தால் அதையும் தாங்கியிருப்பேன். நீ இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டு நடு வழியில் என்னை நிறுத்திவிட்டாய்.

உன் அப்பா ரயில்வே ஆபீசில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர். உன் வீட்டில் யாரும் எண்ணெய்த் தொட்டிப் பக்கத்தில் நின்றதில்லை. அதனால்தான் உனக்கு இது துகளாகவும் பொறியாகவும் தெரிகிறது. எனக்கு என் தம்பியின் கை தெரிகிறது. கட்டுப் போட்ட கை. தண்ணீர் கேட்டுக் கட்டிலில் தட்டிக்கொண்டே இருந்த கை.

அம்மா சொல்கிறாள், "படிச்சவங்க எல்லாம் இப்படித்தாண்டி வழுக்கிட்டுப் போவாங்க. அவளுக்கு என்னா வந்துச்சு?" நான் மறுத்துப் பேசவில்லை.

தீபாவளி இந்த வருஷம் எங்களுக்கு இல்லை. வாழ்த்து அனுப்பிவிடாதே. இதைப் பற்றியும் இனி எழுத வேண்டாம்.

தினேஸ்வரி


நகோயா,
16 டிசம்பர் 2023

அன்புள்ள தினா,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. என் அம்மா சுங்காய்க்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னா. நீ அவவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, என் பெயரை மட்டும் எடுக்கவில்லையாம். "அந்தப் பிள்ளை மெலிஞ்சு போயிட்டுது. கோவத்தில ஏதும் சொன்னாலும் நீ ஒண்டும் எழுதாமல் இருந்திடாதை" என்று திட்டினா. அதனால் எழுதுகிறேன். நீ கிழித்துப் போட்டாலும் சரி.

நீ சொன்னது உண்மைதான். என் வீட்டில் யாரும் மெஷின் பக்கத்தில் நின்றதில்லை. நான்தான் முதல் ஆள், நானும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். அந்த வரிகளைப் படித்த பிறகு சில வாரங்கள் எனக்கு எதையும் தொடப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன்.

லகாட் பட்டறையில் இருந்ததைப் போன்ற ஒரு பழைய மெஷின் இங்கே இருக்கிறது. அதே எஃகு, அதே செம்பு, அதே எண்ணெய் வைத்தேன். ராஜு காலையில் வைத்த அளவிலேயே வைத்து, ஒரு துண்டு எஃகில் ஒரு குழி வெட்டினேன். பிறகு இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று. எதையும் மாற்றவில்லை. பிறகு அறிக்கை சரி என்று சொல்லும் பழைய அளவை வைத்து அதேபோல வெட்டினேன். நவம்பர் முழுவதும் வேறு வேலை பார்க்கவில்லை. பேராசிரியர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கேட்கவில்லை.

துண்டுகளில் சிலவற்றை இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை நன்றாக இருக்கும், சாம்பல் நிறத்தில் சீரான குழி. சிலவற்றில் குழியின் அடியில் கருப்பாக ஒரு தீய்ந்த புள்ளி இருக்கும். ராஜுவின் அளவில் வெட்டியவற்றில் நல்லதும் இருக்கிறது, கருகியதும் இருக்கிறது. பழைய அளவில் வெட்டியவற்றிலும் நல்லதும் இருக்கிறது, கருகியதும் இருக்கிறது. எது எதில் வெட்டியது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் கீறி வைத்திருக்கிறேன். முன்பக்கத்தைப் பார்த்து உன்னால் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

இன்னொன்றையும் நான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டிருக்கலாம், உனக்குத் தெரிந்திருக்காது. மொத்தமாக எண்ணிப் பார்த்தால், ராஜுவின் அளவில் கருகியவை கொஞ்சம் அதிகம். நல்லவைதான் மிக அதிகம். ஆனாலும் கருகியவை பழைய அளவை விடக் கொஞ்சம் அதிகம்தான். அன்றைக்குப் பிடித்த அந்த ஒரு தீ அந்தக் கொஞ்சத்தில் வந்ததா, எப்படியும் வரவிருந்ததில் வந்ததா என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

நீ கேட்ட ஒரு வரியை எழுத நான் பேனாவை எடுக்காமல் இல்லை தினா. எடுத்தேன். எழுதியும் பார்த்தேன். அதை நீ வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டு இருப்பாய், நான் மட்டும் அது பொய் என்று தெரிந்துகொண்டு உன் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டு இருப்பேன். அதை என்னால் செய்ய முடியவில்லை.

அன்புடன்,
தர்சிகா


நகோயா,
28 ஜனவரி 2024

தினா,

பொட்டலம் சேர்ந்துவிட்டதாகத் தபால்காரர்கள் சொல்கிறார்கள். பதில் வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. தேவனின் ஆண்டுத் திதி வருகிறது. அன்றைக்கு நான் இங்கே விளக்கேற்றுகிறேன். சித்திரை மாதம் ஈப்போவுக்கு வருகிறேன். நீ பார்க்க விரும்பினால் ஒரு வார்த்தை அனுப்பு.

தர்சிகா


லகாட்,
17 மார்ச் 2024

அன்புள்ள தர்சிகா,

முகவரியைப் பார்த்திருப்பாய். ஆமாம், லகாட்.

உன் பொட்டலத்தைத் திதி முடியும் வரை நான் பிரிக்கவில்லை. அலமாரியின் மேல் கிடந்தது. திதியைப் பெரியப்பா மகன் தனேஸ்வரன் அண்ணன் வந்து செய்தார். தேவனுக்குப் பிடித்த கோழிப் பிரட்டலைப் படைத்தோம். ராஜுவை வரச் சொல்ல அம்மா விடவில்லை. அவர் இங்கே லகாட் கோயிலில் தனியாகத் தேவன் பெயருக்கு மோட்ச அர்ச்சனை செய்தாராம். கோயிலுக்கு வந்திருந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் காலை பொட்டலத்தைப் பிரித்தேன். சின்னச் சின்னத் துண்டுகள், ஆனாலும் என்ன கனம்! குசினி மேசையில் முன்பக்கம் தெரிய வரிசையாக வைத்தேன். உன் கடிதத்தையும் படித்தேன். அம்மா காப்பித்தூள் டப்பாவோடு வந்து நின்றாள். இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். பாதி ராஜு வைத்த அளவு, பாதி பழைய அளவு என்றேன்.

"நீ பாத்துச் சொல்லும்மா, எது அவரு வச்சது?"

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் குழியை விரலால் தடவிப் பார்த்தாள். கருகியதை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினாள். "இதான்" என்றாள். நான் திருப்பிக் காட்டினேன். அவள் ஒதுக்கியதில் பழைய அளவும் இருந்தது. நல்லதென்று விட்டதில் ராஜுவுடையதும் இருந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நீ கீறிய குறிகள் இரண்டு விதம் என்பது தெரிந்தது. மறுபடியும் கலைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு கையால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள்.

"இரும்புகிட்ட என்னாடி கேக்கச் சொல்ற என்னைய?" என்றாள். "எம் புள்ள செத்துட்டான். யாரு மேலயாச்சும் கோவப்பட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது. அதையும் புடுங்கிக்கிறதுக்கு வந்தியா?"

நான் சிதறிய துண்டுகளைப் பொறுக்கினேன். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்க்கவில்லை தர்சிகா, மருத்துவமனையில்கூட. அன்றைக்கு அடுப்படியில் நின்றுகொண்டு அழுதாள். நான் பிடித்துக்கொண்டேன். பிடிக்க விட்டாள்.

அன்று சாயங்காலம் லகாட்டுக்குப் போகிறேன் என்றேன். "போறதுன்னா போ" என்றாள். "அவன் இந்தப் பக்கம் வரக் கூடாது." காலையில் எழுந்து பார்த்தால் என் துணிகளை எல்லாம் மடித்துப் பையில் வைத்து, மேலே ஊறுகாய் பாட்டிலையும் வைத்திருந்தாள். கிளம்பும்போது வெளியே வரவில்லை.

ராஜு பட்டறை வேலையை விட்டு வெகு நாளாகிறது. இப்போது ஆயர் தாவார் பக்கம் கடைகளுக்கு ரொட்டி போடும் லாரி ஓட்டுகிறார். நான் வந்தபோது லாரியின் பின்கதவைத் திறந்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னையும் பையையும் பார்த்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"தர்சிகா என்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

நான் உன்னிடம் கேட்டது அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. பட்டறையில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

"தெரியாதுன்னு சொல்றா. யாராலயும் சொல்ல முடியாதாம்."

"எப்பயுமா?"

"எப்பயும்."

குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவர் அதை அடைக்கவில்லை. லாரியின் படியில் உட்கார்ந்தார்.

"ஆமான்னு சொல்லிருவாங்கன்னு நெனைச்சேன்" என்றார். "சொல்லியிருந்தா அத்த கால்ல போய் விழுந்திருப்பேன். அடிச்சாலும் வாங்கியிருப்பேன். இல்லன்னு சொல்லியிருந்தா வந்து ஒன்னையக் கூட்டிட்டு வந்திருப்பேன். இப்ப நான் என்னா செய்றது?"

"நான்தான் வந்துட்டேன்ல" என்றேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். நான் போய்க் குழாயை அடைத்தேன்.

ஒரு வருஷமாக அவர் என்னிடம் தெரியல என்று சொன்னதெல்லாம் தப்பித்துக்கொள்வதற்காக என்று நினைத்திருந்தேன். அவர் தினமும் அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டு, உண்மையிலேயே தெரியாமல்தான் இருந்திருக்கிறார். தெரியாத ஒன்றை என்னைத் திருப்பி அழைத்துக்கொள்வதற்காகத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உனக்கும் வரவில்லை. எனக்கு வாய்த்தவர்கள் இருவரும் ஒரே மாதிரி!

ரயில்வே ஆபீஸ் மேசை என்று உன் அப்பாவைப் பற்றி எழுதியது தப்பு. அவர் தேவனுக்கு முதன்முதலில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அதை எழுதும்போதே தப்பென்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் நான் அம்மாவைப் போய்ப் பார்க்கிறேன். சமைத்து வைத்திருக்கிறாள். பேசுகிறாள். மாமரத்தைப் பற்றி, முத்தம்மா அக்காவின் மருமகளைப் பற்றி. ராஜு என்று ஒருவர் உலகத்தில் இருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. நானும் அவர் பேச்சை எடுப்பதில்லை. இது மாறுமா என்று தெரியாது. அவளை நான் அவசரப்படுத்தப்போவதில்லை.

ராஜுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்தக் கொஞ்சம் அதிகம் என்பதையும் சேர்த்து. மறைத்துவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது ஈப்போ வரைக்கும் யோசித்தேன். பிறகு நீ எப்படி மறைக்காமல் எழுதினாயோ அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ரெண்டு நாள் கழித்து, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "கொஞ்சம்னா எவ்ளோ?" என்று கேட்டார். நீ எண்ணை எழுதவில்லை என்றேன். இப்போதும் கேட்கிறார், வேலைக்குக் கிளம்பும்போது, சாப்பிடும்போது.

அது என்ன எண்ணாக இருந்தாலும் கடிதத்தில் எழுதாதே. சித்திரையில் வரும்போது எங்கள் வீட்டுக்கு வா. உன் அம்மா கோபித்துக்கொண்டாலும் ஒரு நாளாவது எங்களோடு தங்கு. வந்து அவரிடம் நேரில் சொல். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன்,
தினா